லெமினேட் செய்த கடனட்டை

என் முதல் கடனட்டையை நான் லெமினேட் செய்தேன். ஆம், பிளாஸ்டிக் அட்டையைப் பிளாஸ்டிக்கில் போட்டு மூடினேன். அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். புத்தி தடுமாறக் காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இருக்கவில்லை.

யுத்த காலம். எங்கள் ஊரான கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டையின் ஓரம் கடற்காற்றில் கொஞ்சம் பிரிந்திருந்தாலும் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்கள். (ஒருமுறை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றிருக்கிறேன்.) அதனால் எந்த அட்டை கைக்கு வந்தாலும் முதல் வேலை லெமினேட் செய்வதுதான்.

லண்டன் கணக்கியல் பரீட்சைக்குக் கட்டணத்தைக் கடனட்டையால்தான் கட்டவேண்டும். மாணவனுக்குத் தனியாகத் தரமாட்டோம், தகப்பனின் கணக்கில் துணை அட்டை தரலாம் என்றது வங்கி. கருவாட்டு வியாபாரியான வாப்பாவோ வட்டி என்ற சொல் காதில் விழுந்தாலே கைகால் முகம் கழுவி வுழூ செய்யப் போகிறவர்.

"இதுல வட்டி ஈக்கா, இல்லயா?"

"தவணைக்குள்ள கட்டினா இல்ல வாப்பா."

"தவணை தப்பினா?"

"நான் படிச்சவன்தானே வாப்பா!"

அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார், பாவம்.

கட்டணம் கட்டக் கடைசி நாள். போகும் வழியில் புத்தளத்தில் இறங்கி லெமினேட் கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார நானா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது பிளாஸ்டிக்தானே?"

"உங்களுக்கு விளங்காது நானா. போடுங்க."

இயந்திரத்தின் மறுபக்கத்தால் அட்டை பப்படம்போல வளைந்து வந்தது. புடைத்து நின்ற இலக்கங்கள் படுத்துவிட்டிருந்தன. வழவழவென்று இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். சாவடியில் சிப்பாய்கூடத் தடவிப் பார்த்து "ஹொந்தய்" என்று சிங்களத்தில் மெச்சினார்.

கொழும்பில் பரீட்சை அலுவலகம் மூடக் கால்மணி நேரம் இருந்தது. அட்டை இயந்திரத்துக்குள் நுழையவில்லை. கத்தரிக்கோல் வாங்கி ஓரத்தை வெட்டி உரித்தேன். உறையோடு சேர்ந்து காந்தப் பட்டியும் உரிந்து வந்தது. என் கையெழுத்தும் அதோடு வந்தது.

கவுண்டர்ப் பெண் இரக்கப்பட்டு, கார்பன் தாள் வைத்து இழுக்கும் பழைய இயந்திரத்தை எடுத்தார். இழுத்தார். தாளில் ஓர் இலக்கம்கூட விழவில்லை. படுத்தவை எழும்பவே இல்லை.

"இனி அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசத்தால வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, தோலுரித்த மீன்போலக் கிடந்த அட்டையை வாப்பாவின் முன் வைத்து, அரைவருடம் போன கதையைச் சொன்னேன். (இன்றும் வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும், "லெமினேட் பண்ணியாச்சா நானா?" என்று தங்கச்சி இந்த அண்ணனைக் கேட்பாள்.) அடி விழும் என்று நின்றேன். வாப்பா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்ட நாள்ல இருந்து ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேட்டன் மகன், இந்தக் கார்டால என்னய வட்டி கட்ட வெச்சிடாத ரப்பே எண்டு. ரப்பு ஏத்துக்கொள்வான், கபூலாகும் எண்டு தெரியும். உன்ட மூளையக் கொண்டு கபூலாகும் எண்டுதான் நினைக்கல்ல."