ரோஸ் கலர் பூதமும் என் மாமனாரும்

சின்ன வயதில் நம்மை நடுங்க வைத்த எதையும் பெரியவனான பிறகு மாமனார் வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன்.

ஏரியூரில் நான் ஐந்தாவது படித்த காலத்தில் டிவியில் ஒரு வெளிநாட்டுத் தொடர் வரும். ஒரு விண்கலம், வாரம் ஒரு கிரகம், கிரகத்துக்கு ஒரு பூதம். பக்கத்து வீட்டு பிளாக் அண்ட் ஒயிட் டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். பேசுகிற இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. (பயப்படுவதற்கு இங்கிலீஷ் எதற்கு?)

அந்தத் தொடரை யாரோ ஒரு புண்ணியவான் யூடியூபில் ஏற்றி வைத்திருப்பதைப் போன வருஷம் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் மனைவி கவிதா பொறுத்துப் பார்த்துவிட்டு, "எங்கப்பா வூட்ல பெரிய டிவி வாங்கியிருக்காங்க. அதுல போடுங்க, அப்பிடி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்" என்றாள்.

மொரப்பூர்ப் பக்கம் இருக்கும் அந்த வீட்டில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. எங்களுடையது வீட்டுக்குச் சொல்லாமல் செய்துகொண்ட கல்யாணம். குழந்தை பிறந்த பிறகு எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மாமனார் மட்டும் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கவிதா, அவருக்குக் கறி வேணுமான்னு கேளு" என்பார், எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டே.

"போதும்னு சொல்லு கவிதா" என்பேன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை டிவியோடு இணைத்தேன். இதைப் பார்த்தாலாவது மாமனாருக்கு என்மேல் ஒரு மரியாதை வரும் என்று நினைப்பு. "பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க அத்தை" என்று மாமியாரை எச்சரிக்கவும் செய்தேன்.

விண்கலம் வந்தது.

"மேல கயிறு தெரியுதுங்களே மாப்ள" என்றார் அத்தை.

பிறகு பூதம் வந்தது. நான் பார்த்த காலத்தில் அது சாம்பல் நிறம். பெரிய டிவியில்தான் தெரிந்தது, அது ரோஸ் கலர். முதுகில் ஜிப் வேறு. கவிதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மாமனார் டீ டம்ளரோடு அசையாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரண்ட் போய்விடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். (நாம் கேட்டால் போகாது.)

அப்போதுதான் நான் அடியோடு மறந்திருந்த அந்தக் காட்சி. கேப்டன் திரும்பி நிற்கிறார். பின்னால் கதவு மெல்லத் திறக்கிறது. அது ஜிப் வைத்த துணி என்று என் தலைக்குத் தெரியும். உடம்பு இன்னும் ஐந்தாவதிலேயே இருந்தது.

"ஐயோ அப்பா!" என்று அலறிப் பக்கத்தில் இருந்த கையை இரண்டு கையாலும் பிடித்தேன். டீ டம்ளர் இருந்த கை அது. மொத்தமும் மாமனாரின் வெள்ளை வேட்டியில்.

கவிதாவின் சிரிப்பு நின்றது. டிவியில் பூதம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இனி இந்த வாசற்படி நமக்கு இல்லை என்று நினைத்தேன். ஆனால் பிடித்த கையை விட முடியவில்லை.

மாமனார் வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கைமேல் கையை வைத்தார்.

"ஒண்ணுமில்லைங்க மாப்ள. நான்தான் பக்கத்துல இருக்கறனே."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வெட்கத்தோடு போனை எடுத்து நிறுத்தப் போனேன்.

"இருங்க, இருங்க! அந்த ஆளு தப்பிச்சானான்னு பாக்க வேணாமா?" என்று தடுத்தார் மாமனார். ஈர வேட்டியோடு முடியும்வரை பார்த்துவிட்டு, "அடுத்தது இருக்குதுங்களா?" என்றும் கேட்டார்.

இப்போது சனிக்கிழமை ஆனால் எனக்கே போன் செய்கிறார். "தனியாப் பாத்துராதீங்க மாப்ள, நாளைக்கு இங்க வந்துருங்க."

விஷயம் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. போன மாதம் கவிதாவின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு மண்டப வாசலில் வேட்டுப் போட்டார்கள். முதல் வேட்டுச் சத்தத்துக்கே அங்கே நின்றிருந்த மொத்தச் சொந்தமும் என் பக்கம் கையை நீட்டியது.

நான் மாமனார் கையைத்தான் பிடித்தேன்.