வட்டம் வரை

"இது கரண்டிதானே மாப்பிள்ளை?" திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார் மாமியார்.

"இல்லை அத்தை, பூதக்கண்ணாடி. படத்தைப் பெரிசாக்கிப் பாக்கறதுக்கு."

படம் வரையும் மென்பொருளுக்குத் திரை வடிவமைப்பது மாப்பிள்ளையின் வேலை. அதே ஆபீஸில் அதே வேலைதான் மனைவிக்கும். ஆளுக்கொரு திரை தயார். எது சுலபம் என்று நாளைக்கு மேனேஜர் ஒப்பிட்டுப் பார்ப்பார். தோற்றவர் ஜெயித்தவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே அந்த நிலைமைதான். ஆபீஸாவது மிஞ்ச வேண்டாமா?

மனைவியின் திரையில் வெறும் எழுத்துதான் என்று கேள்விப்பட்டபோதே மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன்னுடையதில் ஓர் எழுத்து கிடையாது, எல்லாம் படம். வெற்றி கையில் இருக்கிறது என்ற தெம்பில், மனைவி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து மாமியாரை லேப்டாப் முன் உட்கார வைத்திருந்தார்.

"ஒரு சிவப்பு வட்டம் போடுங்க அத்தை, போதும்."

மாமியார் வாளிப் படத்தைத் தொட்டார். திரை முழுக்கச் சிவப்பு.

"ஐயையோ, கொட்டிடுச்சே! கழுவறதுக்கு இந்த சோப்பா?"

"அது ரப்பர் அத்தை."

சரி, படத்துக்குக் கீழே பெயர் போட்டால் தீர்ந்தது. போட்டார்.

"எழுத்து பொடிப்பொடியா இருக்கே. கண்ணே தெரியல."

எழுத்தைப் பெரிதாக்கினார். படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வேறு வழியில்லாமல் படங்களையே எடுத்துவிட்டார். இப்போதைக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மாமியார் உரக்கப் படித்தார். "'வட்டம் வரை.' சரி, வட்டம் வரைக்கும் போயாச்சு. அப்புறம் எங்க போகணும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு, 'வட்டம் போடு' என்று மாற்றினார் மாப்பிள்ளை. அதற்குக் கீழே 'சிவப்பு பூசு'.

மாமியார் தொட்டார், இழுத்தார், மறுபடி தொட்டார். அம்சமாக ஒரு சிவப்பு வட்டம்!

"அட, இவ்வளவுதானா? முதல்லயே இதைக் காட்டியிருக்கலாமே!"

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நாளைக்கு உங்க பொண்ணு மூஞ்சி போற போக்கைப் பாருங்க அத்தை!"

கதவு திறந்தது. பைகளோடு உள்ளே வந்த மனைவி, திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"என்னோட டிசைனை எதுக்குங்க திறந்து வெச்சிருக்கீங்க?"