முதல் அத்தியாயமும் அங்காளம்மாளின் அருவாமனையும்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் சாந்தோம் தேவாலயப் பங்கில் ஆளுக்கு ஒன்றை விடுவது வழக்கம். சிலர் கறியை விடுவார்கள். சிலர் காபியை விடுவார்கள். சிலர் சீரியலை விட்டுவிட்டு நாற்பது நாளும் பக்கத்து வீட்டை வேடிக்கை பார்ப்பார்கள். மரியதாஸ் இந்த வருஷம் வீட்டு வேலையை விட்டார்.

சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றிச் சாம்பல்கூடக் கலையவில்லை. சாப்பாட்டு மேசையருகே நின்று அறிவித்தார்.

“அல்போன்சா, நான் நாவல் எழுதப்போறேன். ஈஸ்டர் வரைக்கும் என்னை எதுக்கும் கூப்பிடாத.”

“பாத்திரம்?”

“தியாகம் பண்ணிட்டேன்.”

“மாடித் தண்ணித் தொட்டி?”

“அதுவும்தான்.”

“ஆண்டவர் நாற்பது நாள் சாப்பாட்டத்தான் விட்டாரு. நீங்க சாப்பிட்ட தட்ட விடுறீங்க” என்றார் மனைவி அல்போன்சா. பங்குப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் நாலாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். எந்தப் பையன் பொய்யாக வயிற்றைப் பிடிக்கிறான் என்று பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

விஷயம் இதுதான். ஒரு பதிப்பகம் நாவல் போட்டி வைத்திருந்தது. முதலில் முதல் அத்தியாயம் மட்டும் அனுப்ப வேண்டும். தேர்வானால், இரண்டாவதை ஈஸ்டருக்குள் அனுப்ப வேண்டும். மரியதாஸ் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பங்குத்தந்தை அதை ஞாயிறு அறிவிப்பிலேயே வாசித்துவிட்டார். இனி எழுதாமல் கோயில் வாசலை மிதிக்க முடியாது.

எழுதக் கற்றுக்கொள்ள ஃபராஸ் என்பவரின் ஆன்லைன் வகுப்பில் வேறு சேர்ந்திருந்தார். ஃபராஸ் சொன்னது ஒன்றே ஒன்று. “முதல் அத்தியாயம்ங்கிறது தூண்டில் சார். கேட்டவங்க ‘அப்புறம்?’னு கேக்கணும். கேக்கலைன்னா அது அத்தியாயம் இல்ல, அறிக்கை.”

இதைக் கேட்டதும் அல்போன்சாவுக்கு முகம் மலர்ந்தது.

“நல்லதாப் போச்சு. யாராவது ஒருத்தர் ‘அப்புறம்’னு கேக்கட்டும். ஈஸ்டர் வரைக்கும் நீங்க ஒரு டம்ளர்கூடக் கழுவ வேணாம்.”

“யாரு கேக்கணும்?”

“அங்காளம்மா.”

அங்காளம்மாள் நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா. காலை எட்டரைக்குக் கூடையோடு வந்து, மாடிப்படித் திருப்பத்தில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்து தருவார். எதிர்வீட்டு அன்வரி பேகமும் கிண்ணத்தோடு வந்து நிற்பார். உலகமே தலைகீழானாலும் அங்காளம்மாளின் கை நிற்காது. போன வருஷம் புயலெச்சரிக்கை ஒலிபெருக்கி கத்தியபோதுகூட, சங்கரா மீனின் செதிலை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மரியதாஸ் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். முதல் வரைவு தானாகவே ‘பார்வையில் காணும் கடிதத்தின்படி’ என்று தொடங்கியது. கிழித்தார். இரண்டாவது மழையில் தொடங்கியது. படிக்கட்டில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“வானம் விம்மி விம்மி அழுதது. பூமி...”

“மழையா? எப்ப சார்? நேத்துகூட வெயிலு மண்டையப் பொளந்துச்சே.” கை நிற்கவில்லை.

மறுநாள் பிணத்தில் தொடங்கினார். பிணம் இருந்தால் யாரும் நகர மாட்டார்கள் என்று ஃபராஸ் உத்தரவாதம் கொடுத்திருந்தார்.

“மார்ச் மாதத்தின் ஒரு விடியலில், பட்டினப்பாக்கம் கரையில் கிடந்தது அந்த உடல். முந்தைய நாள் அதே இடத்தில்தான் அவன் கடலில் குதித்தான்...”

“கெடக்காது சார்.”

“என்னது?”

“இந்த மாசம் நீரோட்டம் வடக்கால போய்க்கினு கீது. அங்க குதிச்சவன் மெரினாவாண்ட போய்த்தான் ஒதுங்குவான். நீ கேட்டுட்டு எழுது நைனா.”

பிணத்தை மெரினாவுக்கு நகர்த்தினால் போலீஸ் எல்லை மாறுகிறது, கதாநாயகனான இன்ஸ்பெக்டரை மாற்ற வேண்டும். மரியதாஸ் மனமுடைந்து உள்ளே போனார். ‘காலம் என்பது யாது?’ என்று தொடங்கிய நான்காவது வரைவுக்கு அங்காளம்மாள், “எட்டே முக்கால் சார்” என்றார்.

மரியதாஸ் நொந்துபோய்ப் படிக்கட்டுப் பக்கச் சன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் வெளியே அல்போன்சாவின் குரல் கேட்டது.

“நேத்து எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணாரு தெரியுமா? கதைக்கு ஒரு கொலை வேணும்னு என்னோட தலகாணிய எடுத்து, கத்தியால குத்தினா எவ்வளவு ஆழம் போகும்னு பாத்திருக்காரு. பஞ்சு பறந்து சமையக்கட்டு வரைக்கும் வந்துடுச்சு. நான் உள்ள போறேன், மனுஷன் தலையெல்லாம் பஞ்சு. அந்த நேரம் பாத்து வாசல்ல மணி அடிக்குது. யாருங்கிற? பங்குச்சாமியார்!”

அங்காளம்மாளின் கை நின்றது. வஞ்சிரம் பாதியில் நின்றது.

“யம்மா! அப்பால இன்னா ஆச்சி?”

“அப்புறம் என்ன டீச்சர்?” என்றார் அன்வரி பேகம்.

“உலை கொதிக்குது. நாளைக்குச் சொல்றேன்” என்று அல்போன்சா உள்ளே வந்துவிட்டார்.

மறுநாள் அங்காளம்மாள் எட்டு மணிக்கே வந்தார். மரியதாசும் நோட்டோடு சன்னலோரம் வந்தார். அல்போன்சா சொல்லச் சொல்ல எழுதினார். நாலே நாளில் அத்தியாயம் முடிந்தது. கணவன் பெயரை இம்மானுவேல் என்று மாற்றினார். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் அனுப்பிவிட்டார்.

தேர்வாகிவிட்டது! நடுவர் குழு எழுதியிருந்தது: ‘மனைவியின் குரல் அருமை. கணவன் இவ்வளவு அசடாக இருப்பது முழுக்க நம்பும்படி இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்துக்குக் காத்திருக்கிறோம்.’

இரண்டாவது வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு அதைப் பங்கு முழுக்கக் காட்டினார். பங்குத்தந்தை மறுபடியும் அறிவித்தார். கைதட்டல்கூடக் கேட்டது.

அன்றோடு அல்போன்சா கதையை நிறுத்திவிட்டார். படிக்கட்டில் முருங்கைக்காயைப் பற்றிப் பேசினார். மூட்டுவலித் தைலத்தைப் பற்றிப் பேசினார். வீட்டுக்காரரைப் பற்றி மூச்சே இல்லை. சன்னலோரம் மரியதாஸ் தைலத்தின் பெயரைத்தான் எழுதிக்கொண்டார். குருத்து ஞாயிறும் போய்விட்டது. ஈஸ்டருக்கு ஒரு வாரம்கூட இல்லை. பெரிய வியாழன் காலை, வெட்கத்தை விட்டுச் சமையலறைக்குப் போனார்.

“அல்போன்சா... அப்புறம்?”

“எது அப்புறம்?”

“அந்த இம்மானு... நம்ம கதை. ரெண்டாவது அத்தியாயம்.”

அல்போன்சா திரும்பவில்லை. “அந்தச் சன்னலுக்குப் பக்கத்துல பிரம்பு நாற்காலிய யாரு போட்டான்னு நெனைச்சீங்க?”

மரியதாஸ் சன்னலோர நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டாவது அத்தியாயத்துல,” என்றார் அல்போன்சா, “அந்த மனுஷன் புத்தி தெளிஞ்சு, தானா வந்து பாத்திரம் தேய்க்கிறான்.”

“சரி, அப்படியே எழுதிடறேன்.”

“நடக்காதத எழுதினா அங்காளம்மா கண்டுபிடிச்சுடுவா. பட்டினப்பாக்கத்துப் பொணம் ஞாபகம் இருக்கா?”

தொட்டி நிறையப் பாத்திரம். எப்போதும் இவ்வளவு இருக்காது. நாற்பது நாளாகச் சேர்த்து வைத்ததோ என்று அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது. தேங்காய் நாரை எடுத்தார். குழாயைத் திறந்தார். நோட்டை மசாலா டப்பாமேல் விரித்து வைத்தார்.

வெளியே அருவாமனை போடும் சத்தம் கேட்டது. படிக்கட்டுக்குப் போய்விட்ட அல்போன்சாவின் குரலும் தொடங்கிவிட்டது.

“அங்காளம்மா, இன்னிக்கு எங்க வீட்டுல ஒரு அதிசயம். எங்க வீட்டுக்காரரு தானா வந்து நார எடுத்தாரு. எடுத்துட்டு என்ன சொன்னாருங்கிற...”

தண்ணீர்ச் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை. மரியதாஸ் பதறிப்போய், சோப்புக் கையோடு குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினார்.

“அப்பால?” என்றார் அங்காளம்மாள்.

“தண்ணி சத்தம் நின்னுடுச்சு” என்றார் அல்போன்சா. “அது ஓடினாத்தான் கதையும் ஓடும்.”