கை நனைக்காத சித்தப்பா

புதிதாகப் பணம் வந்தவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், புதிதாக ஆரோக்கியம் வந்தவனைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. இதை அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் விழுப்புரத்தில் அப்படிப்பட்ட ஆளாகத் திரிந்தது நானேதான்.

டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் ஷட்டரை இறக்கத்தான் எழுந்திருப்பேன். (நடுவில் எழுந்தால் அது போண்டாவுக்காக.) ஒருநாள் தலை சுற்றுகிறதென்று டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சுகர் வாசப்படியில நிக்குது. சோத்தைப் பாதியாக் குறைங்க, சாயங்காலம் நடங்க. அவ்ளோதான்," என்றார்.

அவ்வளவுதானா? எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை பெரிய உடம்புக்கு இத்தனை சின்ன வைத்தியமா? வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்தேன். அதில் சட்டை போடாத வாலிபர்கள் வரிசையாக வந்து அரிசி விஷம், சர்க்கரை விஷம், பால் விஷம் என்றார்கள். ஒருவரும் குறைக்கச் சொல்லவில்லை, ஒழிக்கச் சொன்னார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாளிலிருந்து காலையில் இஞ்சித் தண்ணீர், மதியம் முளைகட்டிய பச்சைப் பயறு, பொழுது சாய்ந்தால் பட்டினி. கடைக்கு வருகிறவர்களிடம் டைல்ஸைப் பற்றிப் பேசியதைவிட அவர்களுடைய கல்லீரலைப் பற்றிப் பேசியதே அதிகம். (வியாபாரம் என்னைவிட வேகமாக இளைத்தது.) என் மனைவி வசந்தா, "நீங்க பேசறதைக் கேட்டே நாங்க எல்லாம் இளைச்சிடுவோம் போலக்கீது," என்றாள்.

இந்தத் தவத்தின் மூன்றாவது வாரத்தில் திண்டிவனம் போக வேண்டிவந்தது.

என் அண்ணன் இறந்து பல வருஷமாகிறது. அண்ணி கோலியனூரில் இருக்கிறார். ஒரே மகன் சதீஷுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பார்த்த வரனெல்லாம் தட்டிப்போனது. ஓரிடத்தில் ஜாதகம், ஓரிடத்தில் சம்பளம், இன்னோரிடத்தில் வழுக்கை விழுந்த அவனுடைய முன்மண்டை. கடைசியில் திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஏழுமலையின் மகள் கலைவாணி அமைந்தாள். பொருத்தம் சேர்ந்தது, இரண்டு பேருக்கும் பிடித்தும்விட்டது. பெரியவர்கள் போய்ச் சம்மதம் சொல்வதுதான் பாக்கி. அண்ணன் இடத்தில் நின்று அதைச் சொல்ல வேண்டிய பெரியவர், கஷ்டகாலம், நான்.

வேனில் ஏறும்போது அண்ணி, "தம்பி, இந்த எடமும் கைவுட்டுப் போச்சின்னா என்னால தாங்க முடியாது. நீங்கதான் நல்லபடியா முடிச்சுத் தரணும்," என்றார். கவலைப்படாதீங்க என்று தலையாட்டினேன். என் மடியில் எவர்சில்வர் டப்பாவில் முளைகட்டிய பயறு இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுக்குப் போனால் காபித் தண்ணியோடு நிறுத்திக்கொள்வோம். சம்பந்தம் பிடித்தால்தான் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி. நனைக்காமல் எழுந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த மூன்று வாரமாக என் மண்டையில் குடலைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

பேச்சு நல்லபடியாக முடிந்து, கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். ஏழுமலையே சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார்.

"திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துல வெளைஞ்ச பொன்னிங்க. மண்டியில விக்காம உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்."

அண்ணி சிரித்தபடி, "மொதல்ல தம்பி கை நனைக்கட்டும்," என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தேன். "எனக்கு வேணாங்க."

கரண்டி பாதியில் நின்றது. "கொஞ்சமா போடறேங்க."

"தொடறதே இல்லீங்க. வெள்ளை அரிசி விஷம்."

ஓர் அரிசி மண்டிக்காரரிடம், அவர் வீட்டில், அவர் இலையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னேன். பெண்ணின் அம்மா, "கேசரியாவது எடுத்துக்கங்க," என்றார். அது அரிசியைவிட மோசம் என்று அவருக்கும் விளக்கினேன்.

ஏழுமலை பாத்திரத்தைக் கீழே வைத்தார். "பொண்ணு புடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க. தப்பா நெனைக்க மாட்டோம்."

"ஐயையோ, அதெல்லாம் இல்லீங்க. எனக்கு சுகர்."

அவர் கசப்பாகச் சிரித்தார். "போன மாசம் செஞ்சியில ஒரு எடம் எங்களுக்குப் புடிக்கல. நாங்களும் சுகர்னுதான் சொல்லிட்டு எழுந்து வந்தோம்."

ஊரே சொல்லும் பொய்யை நான் ஒருவன் உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதாரம் காட்டினால் நம்புவார்கள் என்று தோன்றியது. டப்பாவை எடுத்துத் திறந்தேன்.

சித்திரை வெயிலில் ஏசி இல்லாத வேனில் வந்த பயறு. அதன் வாசனை பாயசத்தின் வாசனையைத் துரத்தியடித்தது. பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கை மூடினார். பெண்ணின் பெரியப்பா ஒருவர் மூலையிலிருந்து கேட்டார்: "பொண்ணு வூட்டுக்கு சோறு கட்டிக்கினு வந்துகிறாங்களே, நாங்க இன்னா மருந்தா வச்சிடுவோம்?"

சதீஷ் இலையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சமையல்கட்டு வாசலில் பாயசத்தோடு நின்ற கலைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி சத்தம் போடவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் ரெண்டாவது சோறு வாங்கியிருப்பாரு, தம்பி," என்றார்.

டப்பாவை மூடினேன். "போடுங்க," என்றேன்.

அண்ணன் குடும்பத்துக்காகத் தியாகம் செய்து சாப்பிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முதல் கவளம் சாம்பார் சோறு உள்ளே போனதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரில் இருந்தவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். வடை, வத்தக்குழம்பு, ரசம் என்று எதையும் விடவில்லை. எனக்குத் துணையாக ஏழுமலையும் பாயசம் குடித்தார். நான் மூன்றாவது டம்ளருக்குக் கை நீட்டியபோது பக்கத்து இலையில் இருந்த வசந்தா என் காதருகே, "போதும், நமக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குன்னு நல்லாவே தெரிஞ்சிக்கினாங்க," என்றாள்.

பின்கட்டுக் குழாயில் கை கழுவும்போது ஏழுமலை பக்கத்தில் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் சுகர்தாங்க, ரொம்ப வருசமா. நான் வேணான்னா எங்க நீங்க எழுந்துடுவீங்களோன்னு பயந்துதான் நானும் பாயசம் குடிச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மரியாதை என்ற பெயரில் இரண்டு சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டி போட்டுப் பாயசம் குடித்திருக்கிறோம். இந்த ஊரில் மனுஷனுடைய மானத்துக்கு இருக்கிற கவனிப்பு அவனுடைய கணையத்துக்குக் கிடையாது.

கல்யாணம் நடந்தது. என் விரதம் அந்த இலையோடு செத்தது. விட்டதையெல்லாம் வட்டியோடு தின்றேன். வாசப்படியில் நின்ற சுகர் உள்ளே வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. பழைய டாக்டரிடமே போய் நின்றேன். அதே வைத்தியத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். இந்தத் தடவை செல்போனைக் கேட்காமல் செய்ய ஆரம்பித்தேன். பாதிச் சோறு, அதோடு கீரை, சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நடை. யாரிடமும் பிரசங்கம் பண்ணுவதில்லை. (பண்ணவும் இதில் ஒன்றுமில்லை.) அதனால்தானோ என்னவோ, இந்தப் பழக்கம் வருஷக்கணக்காக நிற்கிறது. திண்டிவனத்தில் ஏழுமலையும் நடக்கிறார். "சம்மந்தி, நடந்தாச்சிங்களா?" என்று போன் வரும். அவர் கேட்பாரே என்பதற்காகவே மழைநாளிலும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்தச் சம்பந்தம் முறிந்தாலும் தட்டிப்போச்சு என்று சொல்வதில்லை, டப்பாவைத் தொறந்துட்டாங்க என்றுதான் சொல்கிறார்கள். நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் வசந்தா என் பையைச் சோதித்துவிட்டுத்தான் வெளியே விடுகிறாள்.

போன வாரம் கோலியனூரில் சாப்பிட உட்கார்ந்தேன். மறுசோறு வந்தபோது பழக்கத்தில் இலையைக் கையால் மறைத்துவிட்டேன். கலைவாணி கரண்டியோடு நின்று, வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"சின்ன மாமா, சோறு வேணான்றீங்களா, இல்ல என்னைத் திண்டிவனத்துக்கே பஸ் ஏத்திவுடப் போறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சதீஷ்தான் அதிகமாகச் சிரித்தான். நான் கையை எடுத்தேன். அவள் அரைக் கரண்டிதான் போட்டாள்.