கதவுக்குப் பின்னால் இருந்த கஞ்சன்

அன்று சர்ச்சுக்குள் இருந்தவர்கள்: இங்கிலாந்திலிருந்து வந்த வயதான அம்மா. அவரைக் கூட்டி வந்த பாதிரியார். ஆபீஸ் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து ஜெயம் சார். தோட்டக்காரன் நான். அப்புறம் உபயம் அண்ணன்.

இந்த வளைகுடா ஊர் மனாமாவிலேயே சுவரோடு சண்டை போட்டு ஜெயித்த ஆள் உபயம் அண்ணன் ஒருவர்தான்.

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். பழைய இங்கிலீஷ்காரர் சர்ச்சில் கிளீனிங் வேலை. நெற்றி நிறைய விபூதியோடுதான் டூட்டிக்கு வருவார். பாதிரியார் ஒன்றும் சொன்னதில்லை.

சர்ச் சுவர் முழுக்கப் பித்தளைத் தகடுகள். எல்லாவற்றிலும் இங்கிலீஷில் பெயர்கள். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே விளக்கிவிட்டார்.

"எல்லாம் உபயம்ப்பா. இந்தக் குடும்பம் பெஞ்சு குடுத்துருக்கு. அந்தக் குடும்பம் ஏசி."

நான் நம்பினேன். எங்கள் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிட உபயம்தான் அதிகம். அவருக்கு அந்தப் பெயர் வைத்ததும் நான்தான்.

ஜன்னல் பக்கம் ஒரே குடும்பத்துக்கு ஐந்து தகடு. அண்ணன் அவர்களை "மொதலாளி வீடு" என்பார். அந்தப் பெஞ்சில் யாராவது கால் வைத்தால் போச்சு. "பாய், பாவ் நீச்சே! மொதலாளி பாக்குறாரு" என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் கத்துவார். பிலிப்பைன்ஸ் பெண்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள்.

ஒரு ஆகஸ்டில் ஏசி நின்றுபோனது. அண்ணன் ஏசிக்குக் கீழே இருந்த தகட்டின் முன் போய் நின்றார்.

"நாலு நாளா ஓடல. குடுத்தா மட்டும் போதுமா? வந்து பாக்க வேணாமா? உள்ள சனம் வேகுது."

அன்று சாயங்காலமே மெக்கானிக் வந்தான். அண்ணன் என்னைப் பார்த்து, "கேக்குற விதத்துல கேக்கணும்" என்றார்.

ஒரு தகட்டோடு மட்டும் அவருக்குப் பகை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வாசல் கதவுக்குப் பின்னால், கதவைத் திறந்தால் மறைந்துவிடும் இடத்தில். அதன் கீழே பெஞ்சும் இல்லை, ஏசியும் இல்லை.

"இவன் என்னத்தக் குடுத்தான்? கதவுக்குத் தாழ்ப்பாளா? கஞ்சப் பய."

பாலிஷ் கிடையாது. எட்டு வருஷம் துணிகூடப் படவில்லை. கடல் காற்று விடுமா? பச்சை ஏறிப்போனது.

அந்த இங்கிலாந்து அம்மா அதைத்தான் தேடி வந்தார்.

கதவை விலக்கிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். பச்சை போகவில்லை.

"என்ன சார்? தாழ்ப்பாள்காரனுக்குச் சொந்தமா?" என்று அண்ணன் ஜெயம் சாரிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்ன தாழ்ப்பாள்? அது அவவின்ர தம்பி. இங்கதான் பிறந்தது. பதினொரு நாளில செத்துப்போச்சு. அவவுக்கு அப்ப ஆறு வயசு. இப்பதான் பாக்க வந்திருக்கிறா. பின்னேரம் பிளைட்."

"அப்ப மத்தவங்க?"

"எல்லாரும் செத்த ஆக்கள்தான். அவையின்ர ஞாபகத்துக்கு வச்சது."

அண்ணன் மேலே பார்த்தார்.

"அப்ப ஏசி?"

"ஏசி நாங்கள் வாங்கினது, அண்ணை."

அண்ணன் பாலிஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அரை மணி நேரம் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. அந்த அம்மா தகட்டின் மேல் கையை வைத்தார். கை அதை முழுசாக மூடிக்கொண்டது.

"மன்னிச்சுக்கச் சொல்லுங்க சார்."

"எதுக்கெண்டு சொல்ல?"

"எட்டு வருசமாத் திட்டிருக்கேன். பச்சப் புள்ளைய."

ஜெயம் சார் என்ன சொன்னாரோ தெரியாது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை முழுக்கப் பாலிஷ்.

மறுநாளிலிருந்து அண்ணன் மொதலாளி வீட்டையே மறந்துவிட்டார். காலையில் ஒரு தேய், மத்தியானம் ஒரு தேய், எல்லாம் சின்னவனுக்கு. ஒரு மாசம் போனது. ஜெயம் சார் பிடித்துக்கொண்டார்.

"இப்பிடித் தேச்சா எழுத்தெல்லாம் அழிஞ்சுபோகும், அண்ணை. பிறகு பிள்ளையின்ர பேரே இருக்காது."

அண்ணன் முகம் செத்துப்போனது. எட்டு வருஷம் ஏச்சு. இப்போது பெயரையும் அழித்துவிட்டால்?

அதற்குப் பிறகு மாசம் ஒரு தடவைதான். குதைபியா கடைத்தெருவில் குழந்தைச் சாமான் கடையில் மெத்தென்ற துணி வாங்கி வந்தார். துடைத்து முடித்ததும் எழுத்துகளை எண்ணுவார். படிக்கத்தானே தெரியாது, எண்ணத் தெரியுமே. ஒரு தடவை ஒன்று குறைந்தது. தோட்டத்துக்கு ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். கோடு மாதிரி நின்ற எழுத்தைக் கீறல் என்று விட்டிருக்கிறார். நான் காட்டியதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் முட்டி போய்விட்டது. விசா கேன்சல். ஏர்போர்ட் வண்டியில் ஏறும்போது துணியை என் கையில் கொடுத்தார். "பெரியவங்க இருந்துக்குவாங்க. சின்னவனப் பாத்துக்க."

மாசா மாசம் போன் வரும். என் சௌக்கியம் கேட்க மாட்டார்.

"எண்ணுனியா?"

எண்ணிவிட்டுத்தான் போனையே எடுப்பேன். அந்தக் குரல் பதறினால் எனக்குத் தாங்காது. இன்றைக்கும் கேட்டார். ஒன்றும் குறையவில்லை, அண்ணே என்றேன்.

முப்பத்தாறு.