கௌரம்மாவின் முழங்காலில் எறும்பு

பட்டு,

உன் அக்கா லிங்கம்மா எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலம் எப்படி என்று தொடங்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். செத்துப்போனவர்களுக்கு எப்படித் தொடங்குவது என்று சொல்லிக்கொடுப்பதற்குள் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். நலம் என்றே வைத்துக்கொள்.

நீ போனது என் ரசத்தால் என்று ஆஸ்பத்திரியில் முடிவுகட்டிவிட்டார்கள். இருமலோடு படுத்திருந்தவளுக்கு வெளிச் சாப்பாடு கொடுத்ததில் வயிறு விஷமாகிவிட்டதாம். அதே ரசத்தை உன் வீட்டுக்காரரும் கேட்டு வாங்கிக் குடித்தார், குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். ஆனால் இப்போது என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. மருந்து கொடுக்கும்போது சொந்தக்காரர்கள் நிற்கக்கூடாது என்று எங்களை வாசலுக்கு விரட்டினார்களே, திரும்பி வந்தால் உனக்குப் பேச்சில்லை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. நான் அழுதுகொண்டிருக்கிறேன், பக்கத்துக் கட்டில் கௌரம்மா, அந்த முட்டிவாதக்காரி, "என் காலென்ன வெல்லக்கட்டியா, இப்பிடி எறும்பு மொய்க்குது?" என்று கத்துகிறாள். துடைத்துவிட்டேன். கையெல்லாம் பிசுபிசுப்பு. மோந்து பார்த்தால் உன் இருமல் மருந்து. அப்படியானால் அவள் காலில் தேய்க்க வைத்திருந்த மருந்து எங்கே போனது என்று கேட்டேன். கம்பவுண்டர் தொட்டையன் வாளியோடு ஓடிவந்து அவள் காலைக் கழுவினார். கம்பவுண்டர் ஒருவர் நோயாளியின் காலைக் கழுவியதை மைசூரில் நான் ஒருத்திதான் பார்த்திருப்பேன். பிறகு சீசாக்களையும் கழுவினார். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "நீ வெல்லம் கொண்டாந்து வச்சிருப்பே, அதான் எறும்பு" என்றாள். "வெல்லம் எங்கீங்க?" என்றேன். "எறும்பு தின்னுட்டுது."

கௌரம்மாவுக்கு இப்போது ஜன்னலோரக் கட்டில், வேளைக்குப் பால், முட்டை. போய்க் கேட்டேன். "எறும்பா? எந்த எறும்பு?" என்றாள், உதட்டில் பாலைத் துடைக்காமல். எனக்குக் கோபம் வரவில்லை, பட்டு. அவளுக்குப் பால் ஊற்றுகிறவர்கள்தான் மருந்தும் ஊற்றுகிறார்கள். பயம் இருக்காதா?

அதனால் விட்டுவிட்டேன். ரசம் என்றே சொல்லிக்கொள்ளட்டும், தொட்டையனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. அங்கே நம் பெரியவர்களை நான் விசாரித்ததாகச் சொல். மாதேஸ்வரசாமி உன்னைப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: நான் விடவில்லை. கௌரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்போல, அவள் ஜட்கா வண்டி நேராக என் வாசலில் வந்து நின்றது. "இனி அவங்க கையால மருந்து குடிக்கிற வேலையில்ல எனக்கு. கிளம்பு, பெரிய டாக்டர்கிட்டச் சொல்லிப்போடலாம். சீசா மாறுனத என் கண்ணால பாத்தவ நான்" என்கிறாள். செருப்பைப் போட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். ஒரு வாய் உள்ளே போனதும் நீ நர்ஸம்மாவின் கையைத் தட்டிவிட்டாயாம், ஏதோ சொன்னாயாம். கௌரம்மாவுக்குக் காது மந்தம், என்னவென்று விளங்கவில்லையாம். நான் வாசலில்தானே நின்றிருந்தேன், பட்டு. என்னையா கூப்பிட்டாய்?