கராத்தே சார் நொண்டிய மூன்று மாதம்

அன்று காலை கராத்தே சாரின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் இருந்தது. எடுத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். கண்ணாடிமேல் தப்பில்லை, கடிதத்தில்தான் கோளாறு. அவருடைய மனைவியை ஆறு மாத ஸ்கேன் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். ரயிலில் பத்து மணி நேரம் போக வேண்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நாலு மாதத்தில் சேர வேண்டுமாம்.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். இருபது வருஷமாக அடுத்தவர் எலும்பைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. கராத்தே சார் என்பது அக்கம்பக்கத்தில் வைத்த பெயர்; அவருக்கு வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனியில். விபத்தில் அடிபட்டதாக வருகிற மனுக்களைப் படித்து, எது நிஜ அடி, எது நடிப்பு என்று பிரிக்க வேண்டும். ஒரே மகள் ஹாஸ்டலில். வீட்டில் இருப்பது ரெண்டே பேர். அதில் ஒருத்தர் ஆறு மாசம் போய்விட்டால் அந்த வீட்டில் தான் தனியாக என்ன செய்வோம் என்று மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது.

"எனக்குப் பயமாயிருக்கு, போகாதே" என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மூணே வார்த்தை. ஆனால் அவர் வாயில் அதெல்லாம் அவ்வளவு லேசில் வந்துவிடுமா? வேறொன்று வந்தது.

"உனக்காகக் கறுப்பு பெல்ட்டையே விட்டவன் நான்."

இந்த வசனத்துக்கு வயசு இருபத்திரண்டு. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அவருக்குக் கறுப்பு பெல்ட் பரீட்சை வந்ததாம். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையின் மூஞ்சி வீங்கியிருந்தால் பெண் மனசு என்ன பாடுபடும் என்று யோசித்து, பெருந்தன்மையாக விட்டுவிட்டாராம். அன்றிலிருந்து எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் இதை எடுத்து வீசுவார். டி.வி. ரிமோட் அவருக்கு, பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு, மகள் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கப் போகிற வேலை மனைவிக்கு. எல்லாம் இந்த பெல்ட்டின் மகிமை.

இதெல்லாம் சில்லறைச் சமாசாரம், விடுங்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மனைவிக்கு ஒரு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்தது. "நான் பெல்ட்டை விட்டேன், நீ ஒரு படிப்பை விட மாட்டியா?" என்று கேட்டார். மனைவி விண்ணப்பத்தை நாலாக மடித்து அலமாரிக்குள் வைத்தார். ரெண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் வழக்கம்போல் ஆகிவிட்டது. ஜெயித்துவிட்டதாக இவர் நினைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை மனைவி மடிக்கவில்லை.

"சரிங்க. அடுத்த தெருவுல லாண்டரிக்கு மேல கராத்தே கிளாஸ் நடக்குது. போய்ச் சேர்ந்துடுங்க."

"எதுக்கு?"

"நீங்க விட்டதை நீங்க போய் எடுத்துக்குங்க. நான் விட்டதை நான் போய் எடுத்துக்கறேன். அப்புறம் யாரும் யாரையும் சொல்லிக்காட்ட வேண்டியதில்ல பாருங்க."

"இந்த வயசுலயா?"

"நாப்பத்தொம்பதெல்லாம் ஒரு வயசா? நேத்துகூட லிஃப்ட்ல அந்தக் கூரியர்காரர்கிட்ட, 'நான் இன்னும் தொட்டா ஆள் சுருண்டுடுவான்'னு சொன்னீங்களே."

வாயைக் கொடுத்து வகையாக மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே போனார். மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஹாலில் இருபது பேர் நின்றிருந்தார்கள். மாஸ்டரைப் பார்த்ததும் இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் காலத்தில் இவருக்கு ஜூனியராக இருந்து, இவரிடம் அடி வாங்கியே வளர்ந்த சுண்டெலி! இப்போது கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு உடம்பு.

"அண்ணே! வாங்கண்ணே! எத்தனை வருஷமாச்சு!" என்று கட்டிக்கொண்டார் மாஸ்டர். கட்டிக்கொண்டதிலேயே இவருக்கு ரெண்டு விலா வலித்தது. "பழைய ஆளுங்க திரும்பி வந்தா ஒரு மாசம் வெள்ளை பெல்ட்டோட கடைசி வரிசைல நிக்கணும்ணே. இங்க அதுதான் வழக்கம். அப்புறம் உங்க பழைய பிரவுன் பெல்ட்டைக் கட்டிக்கலாம். மூணு மாசத்துல கறுப்பு பெல்ட் பரீட்சை. அதே பழைய முறைதான். பத்துப் பேரோட வரிசையா சண்டை, ஆளுக்கு ஒரு நிமிஷம், நடுவுல ஓய்வு கிடையாது."

பத்துப் பேர் என்று காதில் விழுந்ததுமே கராத்தே சாரின் கண் மாடிப்படிப் பக்கம் போயிற்று.

முதல் நாள் சண்டைப் பயிற்சியில் ஜோடியாக நிறுத்தியது ஒரு பல் டாக்டரம்மாவோடு. ஐம்பத்திரண்டு வயசு, பிரவுன் பெல்ட், தோளுக்குக்கூட வராத உயரம். பாவம், பெண்பிள்ளை, பார்த்து அடிப்போம் என்று இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் ரெண்டு விழுந்தது.

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க சார்" என்றார் பல் டாக்டரம்மா. "ஆன்னு திறந்து வெச்சா நாக்கு கடிபட்டுடும்."

"உங்க க்ளினிக்ல இப்படிச் சொல்லுவீங்களா?"

"அங்க ஆளைப் படுக்க வெச்சுட்டுத்தான் வேலை பார்ப்பேன். இங்கயும் கிட்டத்தட்ட அப்படித்தான்." சொல்லிக்கொண்டே காலைத் தட்டிவிட்டார். இவர் படுத்துவிட்டார்.

அப்படிப் படுத்திருந்தபோது விட்டத்தைப் பார்த்தபடி ஒரு திட்டம் போட்டார். மனைவி வாயால் "போதுங்க, விட்டுடுங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும். 'மறுபடியும் உனக்காக விட்டேன்' ஆகிவிடும். பிறகு எந்த ரயில், எந்த ஸ்கேன்? அவள் எங்கே போய்விட முடியும்? எழுந்திருக்கும்போதே நொண்டிக்கொண்டு எழுந்தார்.

வீடு வரைக்கும் நொண்டினார். ஆயிரம் பொய் மனுவைப் படித்துக் கிழித்த கை. எங்கே முனகுவது, எங்கே பல்லைக் கடிப்பது எல்லாம் அத்துப்படி. சோபாவில் விழுந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மூன்று அறைக்குக் கேட்கிற மாதிரி முனகினார்.

மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். களிம்பு தடவினார். தலையணை வைத்தார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மறுநாள் காலை டிபன் பாக்ஸைக் கொடுத்துக்கொண்டே, "நேத்து இடது கால்ல நொண்டினீங்க" என்றார்.

கராத்தே சார் குனிந்து பார்த்தார். வலது கால்.

"வலி இடம் மாறுது" என்றார்.

"மாறும் மாறும். சாயங்காலம் கிளாசுக்கு நேரமாயிடாம வந்துடுங்க."

அடுத்த வாரம் விலா எலும்பு. மூச்சு விட்டால் குத்துகிறது, சிரித்தால் குத்துகிறது, படியேறினால் குத்துகிறது என்றார். மனைவி பதறவில்லை. ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றி நிறுத்திவிட்டார்.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க. ம், விடுங்க."

"ஏதாவது தெரியுதா?"

"எல்லாம் தெரியுது."

"என்ன தெரியுது?" குரல் கம்மிப் போய்விட்டது.

"எலும்பெல்லாம் முத்து முத்தா இருக்குங்க. கவலையே படாதீங்க, தைரியமா அடி வாங்குங்க."

இப்படியே ஒரு மாதம் ஓடியது. தோள்பட்டை, குதிகால், கழுத்து என்று உடம்பில் பாக்கி இடமில்லை. நடிப்பதற்குத்தான் புதுசாக ஒன்றும் கிடைக்கவில்லை. மனைவி களிம்பை மாற்றினாரே தவிர மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தக் கட்டா வந்து சேர்ந்தது. எதிரே ஆளே இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு, தடுப்பும் அடியும் திரும்பலுமாக ஒரு வரிசையில் செய்து காட்டுகிற பயிற்சி அது. முப்பது நாற்பது அசைவு இருக்கும். முன்னே போய், பக்கவாட்டில் போய், திரும்பி, கடைசி அடியை வைக்கும்போது ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். இவர் ஒவ்வொரு தடவையும் ரெண்டு டைல்ஸ் தள்ளி நின்றார்.

"எங்கயோ ஒரு அடியைக் குறைக்கிறீங்கண்ணே" என்றார் மாஸ்டர்.

சாயங்காலம் வீட்டு ஹாலில் மேஜையை ஒதுக்கிவிட்டுச் செய்து பார்த்தார். மறுநாளும் செய்தார். நடிக்க மறந்து போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வியர்த்துக் கொட்ட, கடைசி அடியை வைத்துவிட்டுக் கீழே பார்த்தார். அதே டைல்ஸ். இருபத்தேழு வயசில் கண்ணை மூடிக்கொண்டு செய்தவர் அவர். அந்தப் பையனை நினைத்துப் பார்த்தார். எவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொண்டதை எப்படி வீணாக்கிவிட்டோம் என்று அப்படியே நின்றுவிட்டார். சமையலறை வாசலில் கரண்டியோடு மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அந்த வாரம் கிளாஸ் முடிந்து எல்லாரும் போன பிறகு மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தக் காலத்துல கறுப்பு பெல்ட் பரீட்சை அன்னிக்கு நீங்க வாசல் வரைக்கும் வந்தீங்க. நான் மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். பையைத் தோள்ல போட்டுக்கிட்டு கால் மணி நேரம் நின்னீங்க. அப்புறம் திரும்பிப் போயிட்டீங்க."

கராத்தே சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"யார்கிட்டயும் நான் மூச்சு விடல. எனக்கும் அன்னிக்கு பயந்தாண்ணே. நான் மாடிக்கு மேல இருந்துட்டேன், இறங்கி ஓட வழியில்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

பெண்ணின் மனசு, கல்யாண போட்டோ, பெருந்தன்மை எல்லாம் பொய். பத்துப் பேர் வரிசையாக அடிப்பார்களே என்று பயந்து ஓடி வந்தவர் அவர். அந்த வெட்கத்தை வீட்டுக்கு வந்தவள் தலையில் கட்டி, அதையே காட்டி அவள் படிப்பையும் பிடுங்கிக்கொண்டார். அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தார். நாலு தடவையும் தண்ணீர்தான் குடித்தார்.

அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். ஒருநாள் நிஜமாகவே கால் கட்டைவிரல் பிசகிக்கொண்டது. வீங்கிக் கறுத்துவிட்டது. இந்தத் தடவை முனகல் இல்லை. சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டு, நிமிர்ந்து நேராக நடந்தார்.

"வீட்டுக்குள்ள என்னங்க சாக்ஸு?"

"குளிருது."

"மின்விசிறியை நாலுல வெச்சிருக்கீங்களே?"

"கால் மட்டும்தான் குளிருது."

பரீட்சை நாள் காலையில் சீருடையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி வாசல் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாங்க. போதும், விட்டுடுங்க."

மூன்று மாதமாக எந்த வார்த்தைக்காக நொண்டினாரோ, அந்த வார்த்தை. கராத்தே சார் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ சும்மா இரு. இதை யார் சொன்னாலும் விட முடியாது" என்றார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பாதிப் படி இறங்கின பிறகுதான், கேட்டது கிடைத்து அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று உறைத்தது. அங்கேயே ஒரு நிமிஷம் நின்றார். திரும்பி மேலே பார்த்தார். பிறகு மிச்சப் படியையும் இறங்கினார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது ஒரு கண் மூடியிருந்தது. உதடு வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மனைவி ஐஸை எடுத்துத் துண்டில் சுற்றினார்.

"என்ன ஆச்சு?"

"எட்டுப் பேரைத் தாங்கிட்டேன்! ஒம்பதாவது ஆள்ல விழுந்துட்டேன். பல் டாக்டரம்மா."

"ஐயையோ, பல்லு?"

"எல்லாம் இருக்கு. அவங்களே எண்ணிப் பார்த்துட்டுத்தான் அனுப்பினாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லிட்டாரு மாஸ்டர்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே பழைய புத்தி தலைகாட்டியது. பழகின நாக்கு, என்ன செய்ய? "ஆனா பெல்ட் கிடைக்கல, பார்த்தியா. நம்ம பேச்சுப்படி பார்த்தா நான் எடுத்தாத்தானே நீயும்..."

மனைவி ஐஸைக் கண்ணில் அழுத்தினார்.

"காலைல நான் என்ன சொன்னேன்?"

"விட்டுடுங்கன்னு சொன்னே."

"விட்டீங்களா?"

"எப்படி விடுவேன்? போயே ஆகணும்னு மனசு பிடிச்சுத் தள்ளுது. அப்போ யார் தடுத்தா நிக்க முடியும்?"

"நிக்க முடியாதுதான்." மனைவி ஐஸை உதட்டுக்கு மாற்றினார். "கல்யாணத்துக்கு முன்னால அந்தப் பரீட்சைக்குப் போக வேண்டாம்னு நான் ஒரு வார்த்தைகூடத் தடுக்கலையேங்க."

ஐஸ் உருகி கழுத்தில் வழிந்தது. கராத்தே சார் ஒரு கண்ணால் மனைவியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷப் பொய்க்கு இனிமேல் ஒளிய இடமில்லை.

"பயந்துட்டேன்" என்றார். "வாசல் வரைக்கும் போயிட்டு ஓடி வந்துட்டேன். அதை உன் தலையில கட்டிட்டேன். உன் படிப்பைக் கெடுத்தேனே, அது பெரிய பாவம். மன்னிச்சுடு."

"பதினஞ்சு வருஷம் லேட்டுங்க" என்றார் மனைவி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு அன்றைக்கு விழுந்த எல்லா அடியையும்விட அதிகமாக வலித்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தோன்றியது. "நீ போயிட்டு வா. நான் சமாளிச்சுக்கறேன். முழு மனசோட சொல்றேன், நாளைக்கே சம்மதம்னு எழுதி அனுப்பிடு."

"அதை நீங்க முதல் நாள் கிளாசுக்குப் போன அன்னிக்கு சாயங்காலமே அனுப்பிட்டேன்."

"அன்னிக்கேவா? அப்போ மூணு மாசமா நான் நொண்டினது?"

"அதுவா? பார்க்க நல்லா இருந்துச்சுங்க. நிறுத்த மனசு வரல."